ஈரல் கொடுக்க மனைவி, பெற்றுக்கொள்ளக் கணவன்!

கல்லீரல் அடியோடு கெட்டுப்போன ஒருவருக்கு, "மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பார்" என்று டாக்டர்கள் சொன்னதும் குடும்பத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "யார் கொடுப்பது?" என்பது ஒன்று. "பெண்ணின் ஈரல் ஆணுக்குச் சேருமா, ஆணின் ஈரல் பெண்ணுக்குச் சேருமா?" என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்விக்கு மருத்துவம் விடை சொல்லிவிட்டது. சேரும்; தடையில்லை. முதல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது குடும்பம். அந்த விடை பெரும்பாலும் "மனைவி", "தாய்", "அக்காள்", "மகள்" என்றே வருகிறது. பெண்கள் நோயில் விழும்போது அதே வேகத்தில் "கணவன்", "அண்ணன்", "மகன்" என்று வருவதில்லை. இந்த அநியாயத்தைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

வெட்டினால் வளரும் உறுப்பு

மனித உடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பின்னும் மீண்டும் வளர்ந்து ஏறக்குறைய பழைய அளவை எட்டும் பெரிய உறுப்பு கல்லீரல் ஒன்றுதான். உயிரோடிருக்கும் ஒருவர் தம் ஈரலில் ஒரு பங்கை இன்னொருவருக்குக் கொடுக்க முடிவது இதனால்தான். கொடுத்தவர் உடலில் மிஞ்சிய பகுதியும், பெற்றவர் உடலில் வைத்த பகுதியும் உடனே வளரத் தொடங்கி, சில மாதங்களில் போதிய அளவை எட்டிவிடுகின்றன.

உலகில் முதன்முதலாக 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸ்ல் ஒரு குழந்தைக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்தார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. 1967இல்தான் வெற்றி கிட்டியது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் ஆபரேஷன் 1998 நவம்பரில் டில்லியில் நடந்தது. பிழைத்தது காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்றின் ஆண் குழந்தை. அதற்கு இரண்டு வயது நிறைந்திருக்கவில்லை. ஈரல் கொடுத்தவர் அந்தக் குழந்தையின் தந்தை. பிற்காலத்தில் அந்தப் பிள்ளை தானும் படித்து டாக்டரானான்.

மேல்நாடுகளில் பெரும்பாலும் இறந்தவர்களின் ஈரலையே எடுத்து வைக்கிறார்கள். இந்தியாவில் நிலைமை நேர்மாறு. இங்கே நடக்கும் ஈரல் மாற்று ஆபரேஷன்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, உயிரோடிருக்கும் உறவினர் கொடுப்பதை நம்பியே நடக்கின்றன. ஆகவே "யார் கொடுப்பது?" என்ற கேள்வி வேறு எந்த நாட்டையும் விட இங்கே அதிகமான வீடுகளில் கேட்கப்படுகிறது.

டாக்டர்கள் பார்ப்பது என்ன?

ஈரல் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் முதலில் ரத்த வகை பொருந்த வேண்டும். கொடுப்பவர் 18 வயது நிரம்பியவராகவும், பொதுவாக 55 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். அவருடைய ஈரலில் கொழுப்பு படிந்திருக்கக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கக் கூடாது. இவற்றோடு ஈரலின் அளவு பொருந்த வேண்டும். இந்த வரிசையில் ஆண், பெண் என்பது ஒரு நிபந்தனையாக இடம்பெறவே இல்லை.

ஆயினும் இதைப் பற்றி ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், இறந்த பெண்ணின் ஈரலை ஆணுக்கு வைத்தபோது அது சற்றுக் குறைவான காலமே நிலைத்தது என்று சில ஆய்வுகள் முன்பு சொல்லின. பிறகு கணக்கை நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஈரல் கொடுத்த பெண்களில் வயதானவர்கள் அதிகம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தோ அடைத்தோ இறந்தவர்கள் அதிகம். ஈரலின் அளவும் சிறியது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் பேதத்தின் பெரும்பகுதி மறைந்துபோகிறது. பெண்ணின் ஈரல் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். ஆணின் ஈரல் என்பதற்காக உயர்த்தவும் வேண்டாம். அளவு ஒன்றைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

அந்த அளவுக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒருவருடைய கல்லீரலின் எடை அவருடைய உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். நோயாளிக்கு வைக்கும் பகுதி, அவருடைய எடையில் 0.8 சதவீதமாவது இருப்பது நல்லது என்பது டாக்டர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு. கொடுப்பவரிடம் அவருடைய ஈரலில் 30 சதவீதத்திற்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும்.

நோயாளியான கணவருக்கு எடை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் அவருக்குத் தேவை 560 கிராம். மனைவிக்கு எடை 45 கிலோ. அவருடைய ஈரல் சுமார் 900 கிராம். அதில் வலப்பகுதி 60 முதல் 65 சதவீதம் இருக்கும். அதாவது 540 முதல் 585 கிராம். கணவருக்கு அது எட்டியும் எட்டாமலும் இருக்கிறது. மனைவியிடம் மிஞ்சுவதோ 315 முதல் 360 கிராம்தான்.

நோயாளியின் தம்பிக்கு எடை 65 கிலோ இருந்தால் அவருடைய ஈரல் 1300 கிராம். வலப்பகுதி 780 கிராமுக்குக் குறையாது. அண்ணனுக்கும் தாராளம், தம்பியிடம் மிஞ்சுவதும் தாராளம்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். நோயாளி 50 கிலோ எடையுள்ள மனைவி என்றால் அவருக்குத் தேவை 400 கிராம். 65 கிலோ எடையுள்ள கணவருடைய ஈரலின் சிறிய இடப்பகுதியே அதற்கு ஈடாகக்கூடும். இடப்பகுதியை எடுப்பது கொடுப்பவருக்கு ஆபத்துக் குறைந்த ஆபரேஷன்.

இது தோராயக் கணக்குத்தான். ஸ்கேன் எடுத்து டாக்டர்கள் அளந்து சொல்வதே முடிவானது. ஆனாலும் ஒரு விஷயம் விளங்குகிறது. அளவைப் பார்த்தால், ஆண்கள் கொடுக்க முன்வருவதே பல குடும்பங்களில் சுலபமான வழி. நடைமுறை இதற்கு நேர்எதிராக இருக்கிறது.

100க்கு 64 பேர்

தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பு வெளியிட்ட விவரப்படி, 2019 முதல் 2023 வரை நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகமோ ஈரலோ கொடுத்தவர்கள் 56 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் 100க்கு 64 பேர் பெண்கள். பெற்றுக்கொண்டவர்களிலோ 100க்கு 70 பேர் ஆண்கள்.

இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "குடியால் ஈரல் கெடுவது ஆண்களுக்குத்தான் அதிகம், அதனால் பெறுபவர்களில் ஆண்கள் அதிகமாக இருப்பது இயற்கை" என்பது ஒரு சமாதானம். இதில் உண்மை உண்டு. ஈரல் நோயில் ஆண்களின் எண்ணிக்கை அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெறுபவர் ஆண் என்பதற்காகக் கொடுப்பவர் பெண்ணாக இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே! நோயாளிக்கு மனைவி ஒருத்தி இருப்பதுபோல் அண்ணன் தம்பிகளும் இருக்கிறார்கள். வளர்ந்த மகன்களும் இருக்கிறார்கள்.

"ஆண்களைச் சோதித்தால் குடியாலும் கொழுப்பாலும் தள்ளுபடி ஆகிவிடுகிறார்கள்" என்பது இன்னொரு சமாதானம். சோதித்த பிறகு தள்ளுபடி ஆனால் யாரும் குறை சொல்ல முடியாது. சோதனைக்கே வராமல் இருப்பவர்களைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. கொழுப்பு அதிகமாக இல்லை என்றால், டாக்டர் சொல்லும் உணவுக் கட்டுப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் சில வாரங்களில் அதைக் குறைத்துக்கொண்டு வந்து ஈரல் கொடுத்தவர்களும் உண்டு.

"சம்பாதிக்கிறவன் படுத்துவிட்டால் குடும்பம் என்ன ஆவது?" என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான சமாதானம். மாதச் சம்பளத்தையோ தினக்கூலியையோ நம்பி வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இதன் வலி நன்றாகத் தெரியும். ஆனால் கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நேரத்தில் மனைவியையும் ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்தால், பிள்ளைகளுக்குச் சோறு பொங்குவது யார்? கணவனுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார்? வீட்டில் இருவரும் ஒரே நாளில் படுக்கையில் விழுகிறார்கள். வீட்டு வேலைக்குச் சம்பளம் இல்லை என்பதால் அது வேலையே இல்லை என்று ஆகிவிடாது. மும்பையில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் வீட்டு வேலையோடு கூலி வேலையும் செய்துதான் குடும்பத்தைத் தாங்குகிறார்கள்.

ஊருக்குப் போகும் போன்

தாராவியிலோ மாதுங்காவிலோ வாழும் ஒரு குடும்பத்தில் மூத்தவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போன் போகிறது. ஊரில் மூன்று தம்பிகள். "அவன் பிள்ளை குட்டிக்காரன், அவனை எப்படிக் கேக்கது?" என்கிறார் பெரியவர். "இவனுக்கு இப்பதான் பெண் பார்த்திருக்கு" என்கிறார் இன்னொருவர். "மைனியே குடுத்துரட்டுமே" என்று பேச்சு முடிகிறது. மைனிக்கும் பிள்ளை குட்டி உண்டு என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. "நீ குடுத்தாத்தான் உன் தாலி நிக்கும்" என்று மாமியார் அழுதுகொண்டே சொல்லும்போது, அந்தப் பெண் எப்படி மறுப்பாள்?

அன்பினால் கொடுக்கும் மனைவியரை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கணவனைக் காப்பாற்றத் தன் உடலை அறுக்கக் கொடுப்பது பெரிய தியாகம். ஆனால் மறுக்க முடியாத இடத்தில் நிறுத்திவைத்துக் கேட்டு வாங்குவதைத் தியாகம் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஆபரேஷன் விளையாட்டும் இல்லை. வலப்பகுதி ஈரலைக் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். பிழைத்தவர்களுக்கும் வயிற்றில் நீண்ட தழும்பு இருக்கும். சுமார் மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. குடத்தில் தண்ணீர் பிடித்து மாடி ஏறும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சட்டம் அறிந்த உண்மை

இந்த வற்புறுத்தல் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதது இல்லை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், தாய், தந்தை, மகன், மகள், சகோதரர், சகோதரி, கணவன், மனைவி ஆகியோரை நெருங்கிய உறவினர் என்று சொல்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரையும் சேர்த்தது. இந்தப் பட்டியலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இடம்தான். மருமகள் இந்தப் பட்டியலில் இல்லை. மாமனாருக்கோ மாமியாருக்கோ மருமகள் கொடுப்பதானால் அனுமதிக் குழுவின் முன் போயாக வேண்டும்.

2014ஆம் ஆண்டு வந்த விதிகளில் இன்னொரு முக்கியமான அம்சம் இருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் அதிக எச்சரிக்கை தேவை. அவர் யார் என்பதையும், அவருடைய சம்மதம் சுயேச்சையானதா என்பதையும், உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று அந்த விதி கூறுகிறது. பெண்ணின் சம்மதம் பல நேரங்களில் அவளுடைய சொந்தச் சம்மதமாக இருப்பதில்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. ஆனால் மாமியார் வீட்டார் சுற்றி நிற்க, காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் விதி நிறைவேறிவிட்டது என்று எந்த ஆஸ்பத்திரியும் எண்ணக் கூடாது. அந்தப் பெண்ணைத் தனியே உட்காரவைத்து, அவளுக்குத் தெரிந்த மொழியில் கேட்க வேண்டும். மும்பை ஆஸ்பத்திரியில் மராத்தியும் இந்தியும் தெரியாத தமிழ்ப் பெண்ணிடம், கணவனின் தம்பியே மொழிபெயர்த்துச் சொல்லிச் சம்மதம் வாங்குவது சம்மதம் ஆகாது.

விதியைத் திருத்தியவர்கள்

இந்த விஷயத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்று பாடமாக அமைகிறது. அங்கே இறந்தவர்களின் ஈரலை யாருக்கு முதலில் தருவது என்பதை 2002 முதல் 'மெல்ட்' என்ற மதிப்பெண் முறைப்படி முடிவு செய்துவந்தார்கள். ரத்தச் சோதனை எண்களை வைத்துப் போடும் கணக்கு அது. ஆண் பெண் என்ற பேச்சே அதில் இல்லை. பார்ப்பதற்கு மிக நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பெண்கள் அதிகமாகக் காத்திருந்தார்கள், காத்திருந்து இறந்தார்கள்.

ஆராய்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்தக் கணக்கில் சேர்ந்திருந்த கிரியாட்டினின் என்ற பொருள் உடலின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவு. அதனால் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அவர்களுடைய எண் குறைவாகவே காட்டியது. உயரம் குறைந்த பெண்களுக்குப் பெரிய ஈரல் பொருந்தாமல் போனதும் சேர்ந்துகொண்டது. 2023இல் அந்தக் கணக்கையே திருத்தி, பெண்களுக்குக் கூடுதல் மதிப்பெண் சேர்த்தார்கள்.

இந்தியாவிலும் 2025 ஆகஸ்டில் தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பு, இறந்தவர்களின் உறுப்புகளுக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியது. வரவேற்க வேண்டிய செயல். ஆனால் அரசாங்கப் பட்டியலைச் சர்க்குலர் போட்டுத் திருத்தலாம். வீட்டுக்குள் பேசி முடிக்கப்படும் பட்டியலை எந்தச் சர்க்குலரும் திருத்த முடியாது. அதைக் குடும்பத்தார்தான் திருத்த வேண்டும்.

செய்ய வேண்டியது

முதலாவது, நோயாளி ஆணானாலும் பெண்ணானாலும், ரத்த வகை பொருந்தும் ஆண்கள் எல்லோரும் முதலிலேயே சோதனைக்கு வர வேண்டும். அண்ணனும் தம்பியும் மகனும் தள்ளுபடியான பிறகு மனைவியைக் கேட்கலாம். அவளை முதலில் கேட்டு, அவள் சம்மதித்ததும் மற்றவர்கள் நிம்மதியாக ஊருக்கு ரெயில் ஏறுவது முறையாகாது.

இரண்டாவது, கொடுப்பவரின் சம்பள இழப்பை ஈடுகட்ட வழி வேண்டும். மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் வரை விசேஷத் தற்செயல் விடுப்பு பெறலாம் என்று 2023இல் உத்தரவு வந்தது. தனியார் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் காண்டிராக்ட் தொழிலாளர்களுக்கும் இத்தகைய விடுப்பைத் தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டும். உறுப்புக்கு விலை கொடுப்பது கடுமையான குற்றம். ஆனால் கொடுப்பவர் இழக்கும் சம்பளத்தையும் அவருக்கு ஆகும் செலவையும் ஈடு செய்வது விலை ஆகாது என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. கோயில் கொடைக்கும் ஆண்டு விழாவுக்கும் வசூல் செய்யும் ஊர்ச் சங்கங்கள், ஈரல் கொடுக்க ஊரிலிருந்து வரும் ஒரு தம்பியின் மூன்று மாதக் கூலியை ஏற்றுக்கொள்ளலாம். "சம்பாதிக்கிறவன்" என்ற சமாதானத்துக்கு அப்போது இடம் இராது.

மூன்றாவது, இறந்தவர்களின் உறுப்புகளைக் கொடுக்க முன்வர வேண்டும். மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய உறுப்புகள் கிடைத்தால், எத்தனையோ வீடுகளில் மனைவியையோ மகளையோ வற்புறுத்தும் நிலையே வராது. தமிழ்நாடு 2008 முதல் இதில் நாட்டுக்கே வழிகாட்டி வருகிறது. உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. வெளிமாநிலத்தில் வாழ்பவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. உறுப்புக்காகப் பதிவு செய்ய வருபவரிடம் அந்த மாநிலத்தில் குடியிருக்கும் சான்று கேட்கக் கூடாது என்று 2023இல் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. உயிரோடிருக்கும் உறவினரிடம் கேட்பதற்கு முன், நோயாளியின் பெயரை இந்தப் பட்டியலில் பதிவு செய்ய வேண்டும்.

நான்காவது, நோயாளி பெண்ணாக இருந்தால் "விதி" என்று விட்டுவிடக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷனுக்கு இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் ஆவது சாதாரணம். மகனுக்கு என்றால் வயலை விற்கிறார்கள், பி.எப். கடன் வாங்குகிறார்கள். மகளுக்கும் மனைவிக்கும் அதே வயலை விற்க மனம் வர வேண்டும்.

இந்நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு வழிதிறந்த முதல் ஆபரேஷனில் ஈரல் கொடுத்தவர் ஓர் ஆண். அதுவும் ஒரு தமிழர். பெற்ற பிள்ளைக்காக அவர் தயங்கவில்லை. பெற்ற மகளுக்காகவும், கட்டிய மனைவிக்காகவும், உடன்பிறந்த அக்காளுக்காகவும் அதே போல முன்வர ஆண்களுக்குச் சட்டம் தடையில்லை, மருத்துவமும் தடையில்லை. அடுத்த முறை ஊருக்குப் போன் போகும்போது, "மைனி இருக்கட்டும், மொதல்ல என்னைச் சோதிச்சுப் பாருங்க" என்று ஒரு தம்பி சொன்னால் போதும். மற்றத் தம்பிகளும் பின்னால் வருவார்கள்.